பூச்சி இல்லாத ஆடு கிடையாது

எந்த ஆட்டின் புழுக்கையை எடுத்துப் பார்த்தாலும் அநேகமாகப் புழு முட்டை இருக்கும். சத்தியமங்கலம் அடிவாரத்தில் கால்நடை மருத்துவராக இருக்கும் எனக்கு இது பழகிப்போன விஷயம். ஆட்டுக்காரர்களுக்குத்தான் சொன்னவுடன் முகம் வாடிவிடும். “போன மாசந்தானுங்க சார் பூச்சி மருந்து ஊத்தினேன்” என்பார்கள்.

பரிசோதனை பெரிய வித்தையெல்லாம் இல்லை. இனிக் கரையாது என்கிற அளவுக்கு உப்பைக் கரைத்த தண்ணீரில் நாலைந்து புழுக்கையை நசுக்கி வடிகட்டி, குழாயின் விளிம்புவரை ஊற்றி, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லை வைத்துக் கால் மணி நேரம் விட்டால் முட்டைகள் மிதந்து வந்து சில்லில் ஒட்டிக்கொள்ளும். தட்டைப்புழுவின் முட்டை கனமானது, அடியில் தங்கிவிடும். குளம் குட்டை ஓரம் மேயும் மாடு என்றால் அந்த வண்டலையும் பார்த்தே ஆக வேண்டும்.

ஆனால் முட்டை இருப்பதாலேயே அது நோயாளி ஆடு என்று ஆகிவிடாது. எவ்வளவு புழு, எந்த ஆட்டில் என்பதுதான் முக்கியம். ஆடுகளை மோசமாகச் சாய்ப்பது ஹீமாங்கஸ் என்ற ரத்தம் குடிக்கும் புழு. செத்த ஆட்டின் வயிற்றில் நாலாவது அறையைத் திறந்தால், இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில், சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய நூல்போல மொத்தமாகக் கிடக்கும். சிவப்பு, ரத்தம் நிறைந்த குடல். அதைச் சுற்றியிருக்கும் வெள்ளை, பெண் புழுவின் கருப்பை. ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது சுமார் 0.05 மில்லிதான். 5,000 புழு சேர்ந்தால் கால் லிட்டர்! ஐப்பசி மழையில் விழும் முட்டை ஒரு வாரத்துக்குள் புல்லில் ஏறி நிற்கும் இளம்புழுவாகிவிடும். அப்புறம் தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும் ஆடுகள் வரத் தொடங்கும். பெரும்பாலும் கழிச்சல்கூட இருக்காது, அதனால் யாருக்கும் சந்தேகமே வராது.

சரி, எல்லா ஆட்டுக்கும் மருந்தை ஊற்றிவிட்டால்? அதைத்தான் பல வருடமாகச் செய்துவந்தோம். மந்தையில் உள்ள புழுக்களில் பெரும்பகுதி சில ஆடுகளின் வயிற்றில்தான் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தை, அதுவும் எடை பார்க்காமல் குறைத்து ஊற்றினால், மருந்துக்குச் சாகாத புழுக்களே மிஞ்சிப் பெருகும். அல்பென்டசோல், ஃபென்பென்டசோல் என்ற பூச்சி மருந்துகள் கேட்காத மந்தைகள் இன்று உலகம் முழுக்க இருக்கின்றன.

ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் கோபமாகவே கேட்டார்: “ஒண்ணுக்கு ஊத்தி ஒண்ணுக்கு ஊத்தாம உட்டா எப்படிங்க சார்?”

“கண்ணைப் பாருங்கம்மா” என்று இரண்டு ஆடுகளின் கீழ் இமையை இழுத்துக் காட்டினேன். ஒன்றில் நல்ல சிவப்பு, இன்னொன்றில் வெளுத்துப்போய்க் காகித நிறம். தென்னாப்பிரிக்காவில் இதற்காகவே ஐந்து நிறம் அச்சிட்ட அட்டை உருவாக்கினார்கள். அந்த அம்மாவுக்கு அட்டையே தேவைப்படவில்லை. வெளுத்த ஆடுகளை அவரே பிரித்து ஓட்டினார். அப்புறம் கேட்டார், “காட்டு மானுக்கெல்லாம் யாருங்க மருந்து ஊத்துறாங்க?”

அருமையான கேள்வி. காட்டு விலங்குகளுக்கும் புழு உண்டு. நீலகிரிப் பகுதியில் அடையாளம் தெரிந்த யானைகளின் லத்தியைச் சோதித்து, ஆய்வாளர்கள் வித்யாவும் சுகுமாரும் 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மழைக்காலத்தைவிட வறட்சிக் காலத்தில் முட்டைகள் அதிகம். ஆனால் வயது வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, யானையின் உடல்நிலைக்கும் முட்டை எண்ணிக்கைக்கும் தொடர்பு தெரியவில்லை. பரந்த இடத்தில் மேயும் விலங்குக்கும், ஒரே பட்டியில் ராத்திரி முழுக்கத் தன் சாணத்திலேயே நிற்கும் விலங்குக்கும் இருக்கும் வேறுபாட்டை இதோடு சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன்.

எனக்குக் கவலை வேறு. காட்டோரம் மேயும் மாடும் புள்ளிமானும் ஒரே புல்லைக் கடிக்கின்றன. இரண்டுக்கும் பொதுவான புழுக்களும் உண்டு. நாம் வளர்த்துவிட்ட, மருந்துக்கு அடங்காத புழு அங்கே போய்ச் சேரலாம். ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து போட்ட மாட்டின் சாணமோ, அதில் வளரும் சாணவண்டுக் குஞ்சுகளைக் கொல்லும். அதனால் சாணத்தைப் பார்த்து, தேவைப்படும் மாட்டுக்கு மட்டும் கொடுக்கிறேன். கொடுத்தபின் சில வாரம் வீட்டிலேயே கட்டிப்போடச் சொல்கிறேன். கேட்பவர்கள் குறைவு. கட்டிப்போட்டால் தீவனத்துக்குக் காசு வேண்டுமே.