அப்பா எங்கே நடப்பது? மார்கழிக் குறிப்புகள்

டிசம்பர் 18

இதயக் குழாய் அடைப்புக்கு அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே ஒரு வரி இருந்தது: தினமும் அரை மணி நேரம் நடை. அப்பா அதை ஒரு நாளும் தவறவிடுவதில்லை. விடியற்காலை ஐந்தரைக்கு மதுரை காளவாசலில் கிளம்பி, பைபாஸ் ரோட்டோரமாகவே போய்த் திரும்புவார். எனக்கு நடை பற்றிக் கவலையில்லை, அந்த ரோடுதான் கவலை.

இன்று கூடவே போனேன். சிக்னலில் பச்சை விழுந்ததும் டவுன் பஸ், லாரி, ஆட்டோ எல்லாம் மொத்தமாகக் கிளம்புகின்றன. சரியாக அந்த இடத்தில்தான் அப்பா வேகத்தைக் கூட்டுகிறார், வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறார். வீட்டுக்கு வந்து முகம் துடைத்த வெள்ளைத் துண்டில், மூக்கு பட்ட இடத்தில் கரித்தடம்.

சும்மா உட்கார்ந்திருந்தால் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்று உள்ளே போகும். விறுவிறுவென்று நடந்தால் அது நாலைந்து மடங்கு கூடிவிடும். வாயால் இழுக்கும்போது மூக்கு வடிகட்டித் தரும் கொஞ்சநஞ்சமும் கிடைக்காது. ஆக, மூச்சு அதிகமாக வாங்கும் அந்த அரை மணி நேரத்தில் என்ன காற்று கிடைக்கிறது என்பது முக்கியம்.

டிசம்பர் 20

பேச்சை எடுத்தேன். அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஏத்தா, காலம் பூரா டீசல் புகையிலயே கெடந்தவன் நான். இனிமேத்தான் புகை வந்து என்னையச் செய்யப் போகுதாக்கும்?" என்றார். குரலில் வருத்தம். அவர் பார்த்த வேலையை நான் குறை சொல்வதாக எடுத்துக்கொண்டார் போல.

அதனால் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த ஆய்வைச் சொன்னேன். 2007-இல் வெளிவந்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்து தேறிய 20 ஆண்களை, நீர்த்த டீசல் புகை கலந்த காற்றில் ஒரு மணி நேரம் வைத்து, இடையிடையே சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். வேறொரு நாள் சுத்தமான காற்றில் அதே பயிற்சி. யாருக்கும் நெஞ்சு வலிக்கவில்லை. ஆனால், இதயத்துக்கு ரத்தம் போதாதது ஈசிஜியில் புகை நாளில் கூடுதலாகத் தெரிந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்க உடம்பு தானாகச் சுரக்கும் பொருளும் அன்றைக்குக் குறைந்திருந்தது.

"வலியே இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டார். அதுதான் அவரை உறுத்தியது. ஒன்றும் செய்யவில்லை என்று நினைக்கும் நேரத்திலும் உள்ளே நடப்பது நடந்துகொண்டுதான் இருக்கும்.

டிசம்பர் 22

இப்போது அம்மா பிடித்துக்கொண்டார். "அப்ப நடக்கவே வேணாம், வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்." இதற்கு நான் சம்மதிக்கவே மாட்டேன். நடை நின்றால் சர்க்கரை ஏறும், எடை ஏறும், பிரஷர் ஏறும். புகைக்குப் பயந்து இதய நோயாளியை நாற்காலியில் உட்கார வைப்பது வைத்தியமே இல்லை.

தவிர, எங்கள் ஹாலில் சாயங்காலமானால் கொசுவத்திச் சுருள், வெள்ளிக்கிழமை என்றால் சாம்பிராணி வேறு. கதவைச் சாத்திக்கொண்டு அதற்குள் நடந்தால் அதுவும் நுண்துகள்தான். தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட வராத 2.5 மைக்ரான் துகளுக்கு வீட்டுப் புகை, ரோட்டுப் புகை என்ற பேதம் கிடையாது. நுரையீரலின் கடைசி அறை வரை போய், அங்கே அழற்சியைக் கிளப்பி, ரத்தக்குழாயைச் சுருங்க வைக்கும். சுருளை நிறுத்திவிட்டுக் கொசுவலை கட்டியாயிற்று. சாம்பிராணியை அம்மா மொட்டை மாடிக்குக் கொண்டுபோகச் சம்மதித்திருக்கிறார், அரை மனதோடு.

டிசம்பர் 28

ஞாயிறு. கீழக்குயில்குடி. அப்பா சமணர் மலை அடிவாரத்தில், தாமரைக்குளத்தைச் சுற்றி ஆலமரத்தடியில் நடந்தார். நான் படியேறிப் பார்த்தேன். மணி ஏழு. நகரம் இருக்கும் திசையில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம், தரையோடு தரையாக.

விடியற்காலைக் காற்றுதான் சுத்தம் என்று எல்லோரும் சொல்கிறோம். மார்கழியில் அப்படி இல்லை. இரவில் தரை குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடும். மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போல உட்கார்ந்துகொள்ளும். கீழே கிளம்பும் புகைக்கு மேலே போக வழியில்லை. வெயில் ஏறி மூடி கலைந்த பிறகுதான் காற்று கொஞ்சம் தெளிகிறது. குளிரும் ரத்தக்குழாயைச் சுருக்கும் என்பதால் ஐந்தரை மணி நடை அப்பாவுக்கு இரண்டு வகையில் கெடுதல்.

ஜனவரி 2

புது ஏற்பாடு. சாயங்காலம் நான்கரை மணி. மெயின் ரோடே கிடையாது, உள் தெருக்கள் மட்டும். சாலையை விட்டு இருநூறு, முந்நூறு மீட்டர் தள்ளி வந்தாலே வண்டிப் புகையின் அடர்த்தி பெருமளவு குறைந்துவிடும்.

அப்பாவை மடக்கியது லண்டன் ஆய்வு. அறுபது வயது தாண்டியவர்களை ஒரு நாள் ஹைட் பார்க்கிலும் இன்னொரு நாள் ஆக்ஸ்போர்டு தெருவிலும் இரண்டு மணி நேரம் நடக்க வைத்தார்கள். அப்போது அந்தத் தெருவில் ஓடியது பெரும்பாலும் டீசல் பஸ்ஸும் டாக்ஸியும்தான். பூங்காவில் நடந்தபோது நுரையீரல் நன்றாக வேலை செய்தது, ரத்தக்குழாயின் விறைப்பும் தளர்ந்தது. தெருவில் நடந்தபோது அந்தப் பலன் பெரும்பாலும் போய்விட்டது. இதய மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்குக் குழாய் விறைப்பு அவ்வளவாகக் கூடவில்லை என்பதும் அதில் உண்டு. "நடந்தும் வீணாத்தா?" என்றார். சரி, புரிந்துவிட்டது.

ஜனவரி 7

தெருமுனையில் வேப்பஞ்சருகோடு பால் கவரையும் சேர்த்துக் கொளுத்தியிருந்தார்கள். குப்பையைத் திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசினேன். சருகை மக்கவைக்கக் குழி தோண்டலாம் என்கிறார். பார்ப்போம்.

போகி

டயர் வாடை விடியும் முன்பே வந்துவிட்டது. வெளிநடை இல்லை. ஜன்னலைச் சாத்தி, ஹாலிலேயே மெதுவாக நடந்தார். நம் நாட்டுக் காற்றுத்தரக் குறியீட்டில் 101 தாண்டினாலே இதய நோயாளிகளுக்கு அசௌகரியம் வரலாம் என்று எழுதியிருக்கிறது. 200 தாண்டினால் வெளியே நடை வேண்டாம் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு.

அவசரத்துக்கு வெளியே போனால் என்95. துணி முகக்கவசம் நுண்துகளை அவ்வளவாக நிறுத்தாது.

ஜனவரி 19

செக்கப். புது நேரமும் பாதையும் டாக்டருக்குப் பிடித்திருந்தது. என்95 போட்டால் மூச்சு கொஞ்சம் சிரமமாக இருக்கும், அதைப் போட்டுக்கொண்டு வேகமாக நடக்க வேண்டாம் என்றார். அப்பா சாப்பிடும் மாத்திரை நாடித்துடிப்பைக் குறைத்துவைக்கும். அதனால் நாடியை எண்ணுவதைவிட, பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று பார்க்கச் சொன்னார். பேச்சு திணறினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நெஞ்சில் இறுக்கம் வந்தால் நின்று, உட்கார்ந்து, நாக்குக்கு அடியில் மாத்திரை. அதற்கும் அடங்காவிட்டால் 108.

அப்பாவோடு டிரைவராக இருந்த மாமா ஒருவர், அவருக்கும் ஸ்டென்ட்தான், நாளையிலிருந்து சேர்ந்து வருகிறாராம். அவர் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.