பி.எஸ்சி. ஜியாலஜி: சேருமுன் அலைடு பாடத்தைப் பாருங்கள்

மூன்றாம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஜாம் தேர்வுக்கு விண்ணப்பிக்க ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர எழுதுகிற நுழைவுத் தேர்வு அது. நான் ஆசைப்பட்ட படிப்புக்கு என்ன தகுதி வேண்டும் என்று தகவல் கையேட்டைத் திறந்து பார்த்தால், ஜியாலஜி படித்திருந்தால் மட்டும் போதாதாம். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் இவற்றில் இரண்டைப் பட்டப்படிப்பிலும் படித்திருக்க வேண்டுமாம். என்னிடம் வேதியியல் இருந்தது. இன்னொன்று? இரண்டாம் ஆண்டில் இயற்பியலா, கணினிப் பயன்பாடா என்று கேட்டபோது, "கம்ப்யூட்டர் எடு, மார்க் கொட்டும்" என்று சீனியர் அக்கா சொன்னதைக் கேட்டு நான் எடுத்தது கணினி. மார்க் கொட்டத்தான் செய்தது. அந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கத்தான் முடியவில்லை.

ஜியாலஜி படிக்கலாமா என்று பிளஸ் டூ முடித்த யாராவது கேட்டால், நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். பாடத்திட்டத்தில் பெரிய எழுத்தில் இருக்கிற மேஜர் பாடங்களை எல்லோரும் பார்ப்பார்கள். என் வழியைத் திருப்பிவிட்டது ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்த அலைடு, அதாவது மேஜரோடு சேர்த்துப் படிக்கிற துணைப்பாடம்.

அதற்கு முன்னால் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஜியாலஜிக்குத் தமிழில் நிலவியல், புவியமைப்பியல் என்று இரண்டு பெயர் புழங்குகிறது. பள்ளியில் நாம் படித்த புவியியல் ஜியாகிரபி. அது வேறு படிப்பு, வேறு துறை. எங்கள் ஆச்சி கடைசிவரை ஜியாலஜியை ஜுவாலஜி, அதாவது விலங்கியல் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். தவளை அறுத்துவிட்டு வந்த கையோடு சோற்றில் கை வைக்காதே என்பார். ஆச்சி அப்படி நினைத்தால் பரவாயில்லை. என் வகுப்பில் ஒரு பையன் ஜியாகிரபி என்று நினைத்தே வந்து சேர்ந்து, கல்லைக் கையில் கொடுத்தபோதுதான் விழித்தான்.

சேர்வதற்குப் பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு வேண்டும். கணிதம் படித்த பிரிவா, உயிரியல் பிரிவா, வேறு பாடங்களும் ஏற்பார்களா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அரசுக் கல்லூரிகளில் தமிழ், ஆங்கிலத்தை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். இந்தப் படிப்பு இருக்கிற கல்லூரிகளோ கொஞ்சம்தான்: சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று சில இடங்கள். அதனால் பலருக்கு வீட்டிலிருந்து போய்வர முடியாது. ஹாஸ்டல் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி பட்டம் வாங்க என்னென்ன முடிக்க வேண்டும் என்பது. தமிழ்நாட்டில் இளநிலைப் பட்டத்துக்கு மொத்தம் 140 கிரெடிட். ஆறு செமஸ்டர், ஐந்து பகுதிகள். முதல் பகுதி தமிழ், இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவதில் மேஜர், அலைடு, எலக்டிவ். நான்காவதில் சுற்றுச்சூழல் கல்வி, திறன் பாடங்கள் போன்றவை. ஐந்தாவது என்.எஸ்.எஸ்., என்.சி.சி. மாதிரியான விரிவாக்கப் பணி. மேஜரில் கவனமாக இருக்கிறவர்கள் நான்கையும் ஐந்தையும் சும்மா என்று நினைப்பார்கள். என் தோழி ஒருத்திக்கு மேஜரில் எல்லாமே எழுபதுக்கு மேல். சுற்றுச்சூழல் தாள் ஒன்று அரியர் நின்றுபோனது. அந்த ஒரு தாளுக்காக அவளுடைய பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. வருகைப் பதிவு 75 சதவீதம் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஃபீல்டு, அதாவது களப்பணி போய்வந்து காய்ச்சலில் படுக்கிற நாட்களும் அதில்தான் கழியும்.

மேஜரில் முதல் வருடம் பலரைப் பயமுறுத்துவது படிகவியல். ரெக்கார்டு நோட்டில் வரைய, மரத்தில் செய்த படிக மாதிரிகளைக் கையில் கொடுப்பார்கள். எத்தனை சமச்சீர் அச்சு (சுற்றினால் அதே தோற்றம் திரும்ப வருகிற கோடு), எத்தனை தளம் (கண்ணாடிப் பிம்பம் போல இரு பாதியாகப் பிரிப்பது), மையம் உண்டா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொல்ல வேண்டும். கனசதுரத் தொகுதியில் சமச்சீர் மிக அதிகமான நார்மல் கிளாஸில் 13 அச்சு, 9 தளம், ஒரு மையம். இதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்தேன். மாடலின் மூலை தேய்ந்திருந்த ஒரு நாள், இன்டர்னலில் மாட்டிக்கொண்டேன். அப்புறம் விடுமுறையில் சோப்புக் கட்டியைக் கனசதுரமாக வெட்டி, மூலைகளைச் சீவி, ஊசி குத்தி அச்சுகளை எண்ணிப் பார்த்தேன். ஒரு சுற்றில் நான்கு முறை அதே தோற்றம் தருகிற நான்மடி அச்சு மூன்று, அதே போல மும்மடி நான்கு, இருமடி ஆறு. கூட்டினால் 13. மனப்பாடத்துக்கு வேலையே இல்லை. அம்மா சோப்புக்குத் திட்டியதுதான் மிச்சம்.

இரண்டாம் ஆண்டில் மைக்ராஸ்கோப்பு வரும். பாறையை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, கண்ணாடியில் ஒட்டி, முனைவாக்கிய ஒளியில் (ஒரே தளத்தில் அதிரும் ஒளி) பார்ப்பது. இதற்குப் பெயர் தின் செக்‌ஷன். பாடத்திட்டத்தில் ஒரு வரியில் எழுதியிருப்பார்கள். உண்மையில் இது மணிக்கணக்கில் உட்கார்ந்து கண்ணைப் பழக்குகிற வேலை. புத்தகப் படத்தைப் பார்த்து எழுதுகிறவர்கள் எக்ஸ்டர்னல் பிராக்டிகலில் திணறுவார்கள். குவார்ட்ஸ் என்ற கனிமம் கிராஸ்டு நிக்கலில் (ஒளியை முனைவாக்கும் இரண்டு வடிகட்டிகளைக் குறுக்காக வைத்துப் பார்ப்பது) சாம்பல் நிறமாகத் தெரியும். பிளேஜியோகிளேஸ் கனிமத்தில் பட்டை பட்டையாகக் கறுப்பு வெள்ளைக் கோடுகள் தெரியும். ஹைப்பர்ஸ்தீன் கனிமம் என்றால், கிராஸ் செய்யாமல் மேடையைத் திருப்பும்போதே இளஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும். அந்த ஹைப்பர்ஸ்தீன் இருக்கிற சார்னோகைட் பாறையைப் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் பார்க்கலாம். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் இதே வகைதான் என்பதால், 1893-இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்டு அந்தப் பெயரை வைத்தார். வைவாவில் இந்தக் கேள்வி எனக்கு இரண்டு முறை வந்தது.

ஃபீல்டுக்குப் போகாமல் ஜியாலஜி பட்டம் இல்லை. சுற்றுலா போலக் கிளம்பிப்போய்த் திரும்பினால் அறிக்கை எழுதும்போது திண்டாட வேண்டிவரும். எங்களை முதலில் அழைத்துப்போனது பெரம்பலூர்ப் பக்கம். அங்கே காரை என்ற ஊரில் செம்மண்ணும் களிமண்ணும் மழைநீரால் அரிக்கப்பட்டு, பள்ளமும் மேடுமாகக் கிடக்கும் நிலம். துப்பாக்கித் தோட்டா போல பெலம்னைட் (கணவாய் மாதிரியான பழங்காலக் கடல் உயிரி) புதைபடிவங்கள் கிடக்கும், ஜிப்சம் தகடுகள் வெயிலில் மின்னும். டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேஷியஸ் காலத்தில் அங்கே கடல் இருந்தது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன ஒரு மரம் படுத்திருக்கிறது. 1940-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் (ஜிஎஸ்ஐ) எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. அங்கே சுத்தியலைப் பையிலிருந்தே எடுக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட இடம்.

சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில்தான் எனக்குப் பெரிய அவமானம் நடந்தது. பேர் சுண்ணாம்புக் கரடு. வெள்ளை வெளேரென்று நரம்பு நரம்பாக ஓடுகிறது. நான் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டுவிட்டு நுரைக்காகக் காத்திருந்தேன். நுரைக்கவில்லை. அமிலம் பழசாகிவிட்டது என்று பாட்டிலை மாற்றிக் கேட்டேன். சார் சிரித்துவிட்டு, அது மேக்னசைட், குளிர்ந்த அமிலத்தில், சுண்ணாம்புக்கல்லில் இருக்கிற கால்சைட் மாதிரிப் பொங்காது என்றார். ஊர்ப்பெயரை நம்பிக் கனிமம் சொல்லக் கூடாது என்று அன்றைக்கே நோட்டில் எழுதினேன்.

மூன்றாம் ஆண்டு மேப்பிங்கில் இன்னொன்று. கிளினோமீட்டர் என்ற சாய்வுமானியில் ஸ்ட்ரைக் (பாறை அடுக்கு ஓடுகிற திசை), டிப் (அடுக்கின் சாய்வு) எடுத்து, டோப்போ ஷீட் என்ற நில வரைபடத்தில் குறித்து, வரைபடமும் குறுக்குவெட்டும் போட்டு அறிக்கை தர வேண்டும். ஒரு நாள் முழுக்க நான் எடுத்த டிப் அளவெல்லாம் மற்றவர்களைவிடக் குறைவு. ஸ்ட்ரைக்குக்குச் செங்குத்தாக வைக்காமல், வசதியாக நின்ற பக்கத்தில் கருவியை வைத்திருக்கிறேன். அப்படி வைத்தால் வருவது தோற்றச் சாய்வு. அது உண்மைச் சாய்வைவிட எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். தேர்வில் இதே கணக்குக்கு முழு மார்க் வாங்கியவள் நான். மறுநாள் காலை வெயில் ஏறுமுன் அதே இடங்களுக்குத் திரும்பப் போனேன்.

ஃபீல்டுக்கு வேண்டியவை: நல்ல பிடிப்புள்ள ஷூ, தொப்பி, 10 மடங்கு ஹேண்டு லென்ஸ், சுத்தியல் அடிக்கும்போது கண்ணாடி. சில்லு தெறித்துக் கண்ணில் பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சுத்தியலைத் துறையிலேயே தருவார்கள், முதல் வருடமே விலை கொடுத்து வாங்காதீர்கள். குறிப்புகளை அங்கேயே, அன்றைக்கே எழுதுங்கள். ராத்திரி தங்குமிடத்தில் எழுதலாம் என்று விட்டால், எந்தக் கல் எந்த இடத்தது என்று மறந்துவிடும். மாதிரிக் கல்லில் எண் எழுத ஒரு மார்க்கரும் வேண்டும். இது இல்லாமல் நாங்கள் இரண்டு சாக்குக் கல்லை வீணாகச் சுமந்தோம். பெண்பிள்ளைகளை வெளியூரில் நான்கைந்து நாள் தங்க அனுப்ப வீட்டில் தயங்குவார்கள். முதலாண்டிலேயே இது கட்டாயம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் அப்பாவிடம் கையெழுத்து வாங்க நான் பட்ட பாடு போதும்.

சரி, அலைடுக்கு வருகிறேன். வேதியியல் இல்லாமல் கனிமவியலும் பாறைவேதியியலும் புரியாது, அதைப் பெரும்பாலும் துறையே வைத்துவிடும். இரண்டாவது எது, அதை நாம் தேர்ந்தெடுக்க முடியுமா என்பதைத்தான் சேர்க்கைக்கு முன்னால் துறையில் நேரில் போய்க் கேட்க வேண்டும். அலைடு கட்டாயமாக நிர்ணயித்திருந்தால் கவலையில்லை, என்ன கிடைக்கும் என்று தெரிந்துவிடும். தேர்வு செய்யச் சொன்னால், இயற்பியலையோ கணிதத்தையோ எடுங்கள். பயோ பிரிவில் படித்துவிட்டுக் கணிதத்துக்குப் பயப்படுகிறவர்கள் குறைந்தது இயற்பியலையாவது. மதிப்பெண் ஐந்து பத்து குறையும், குறையட்டும். ஜாம் கையேட்டை முதல் வருடமே ஒருமுறை திறந்து, நீங்கள் போக நினைக்கிற இரண்டு மூன்று இடங்களின் தகுதியை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இடத்துக்கு இடம் வேறுபடும், வருடத்துக்கு வருடம் மாறவும் செய்யும்.

ஏன் எம்.எஸ்சி.யைப் பற்றி இப்போதே பேச வேண்டும் என்றால், இந்தத் துறையில் பெரிய வேலைகள் இளநிலையோடு கிடைப்பதில்லை. நிலவியல் ஆய்வுத் துறையில் (ஜிஎஸ்ஐ) ஜியாலஜிஸ்ட், மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் பணி என்று யுபிஎஸ்சி நடத்துகிற ஜியோ சயின்டிஸ்ட் தேர்வுக்கு முதுநிலைப் பட்டம் வேண்டும். ஜாம் ஜியாலஜித் தாள் மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் 20 கேள்விகளுக்கு எண்ணையே விடையாகத் தட்டச்சு செய்ய வேண்டும், தேர்ந்தெடுக்க நான்கு விடைகள் இருக்காது. டிப் கணக்கு, அடுக்கின் தடிமன் என்று போட்டுப் பழகாதவர்களை அந்தப் பகுதிதான் கவிழ்க்கும். மூன்று வருட பிராக்டிகல் நோட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், நான் படித்தது பெரும்பாலும் அதிலிருந்துதான்.

அந்த வருடம் நான் வேறு படிப்புகளுக்கு விண்ணப்பித்தேன். கடைசியில் நம் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.எஸ்சி. சேர்ந்து, நிலத்தடி நீர்ப் பக்கம் போனேன். முதல் ப்ராஜெக்ட்டே மின்தடை ஆய்வு. நிலத்தில் நான்கு கம்பிகளை வரிசையாக அடித்து, வெளிக்கம்பிகள் இரண்டில் மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகள் இரண்டுக்கிடையே வோல்டேஜ் பார்ப்பது. கம்பிகளை அகட்டி அகட்டி வைக்க வைக்க இன்னும் ஆழத்தில் இருப்பது தெரியும். நம் கடினப்பாறைப் பகுதிகளில் மேலே சிதைந்த பாறைக்குள்ளும் கீழே விரிசல்களிலும்தான் தண்ணீர் இருக்கும், அதைத் தேடுவதற்குத்தான் இந்தக் கம்பிகள். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேலை சீக்கிரம் முடிந்தது. ஓம் விதியை மறந்துவிட்டு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன் நான்.

அன்று மாலை ஊருக்குப் போன் போட்டு, தம்பியின் பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தை பஸ்ஸில் கொடுத்துவிடச் சொன்னேன்.