புழுவின் காயத்தில் படியும் கருமை

எங்கள் எலுமிச்சைச் செடியில் முள் கீறிய பச்சைப் புழுவொன்றை நேற்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காயத்தில் துளிர்த்த வெளிர்பச்சை நீர் மெல்ல இறுகி, பழுப்பாகி, மாலைக்குள் கரிய பொருக்காகிவிட்டது.

பூச்சிகளின் உறுப்புகள் உடற்குழி முழுவதும் நிறைந்த குருதிநீரிலேயே தோய்ந்திருப்பதால், சிறு கீறலையும் உடனே அடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் நீர் வடிந்துவிடும், கிருமியும் எங்கும் பரவிவிடும். துளை விழுந்ததும் இரத்த அணுக்களும் புரதங்களும் இழைகளாகப் பின்னிக் காயத்தின் வாயை மூடுகின்றன; நுழைந்த கிருமிகளும் அவ்வலையில் சிக்குகின்றன. பின்னர் ஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதி மெலனினை உண்டாக்குகிறது. நான் கண்ட கருமை அதுதான். அவ்வினையில் பிறக்கும் நச்சுப் பொருள்கள் கிருமிகளைக் கொல்வதோடு பூச்சியின் திசுக்களையும் அரிக்கக்கூடியவை என்பதால், தேவை எழும்வரை அந்நொதி செயலற்ற வடிவிலேயே காத்திருக்கிறது. என்னை மிகவும் வியக்கவைப்பது இந்தக் கட்டுப்பாடுதான்.

பூச்சிகளுக்கு நம்முடையவை போன்ற எதிர்ப்பொருள்கள் இல்லை. ஆயினும், பிறவியிலேயே அமைந்த தற்காப்பு அவற்றுக்கு உண்டு. அதைத் தூண்டும் டோல் என்னும் மரபணு பழுதுபட்ட பழ ஈக்கள் பூஞ்சைத் தொற்றில் எளிதில் மடிவதை ஸ்ட்ராஸ்பர்கில் ழூல் ஹாஃப்மனின் குழு 1996இல் காட்டியது. 2011இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. டோல் மரபணு உருவாக்கும் ஏற்பியை (குறிப்புகளை உணரும் புரதத்தை) ஒத்த ஏற்பிகள் நம் உடலில் கிருமிகளை இனங்காண்கின்றன.