ஆவடியிலிருந்து தாம்பரம்: சென்ட்ரலில் வண்டி மாறும் வழி

சென்ட்ரலில் இறங்கி தாம்பரம் வண்டி பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால், எந்த சென்ட்ரல் என்று கேட்க வேண்டும். அங்கே இருப்பது ஒரே நிலையம் இல்லை. எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்குப் பழைய சிவப்புக் கட்டடம். அதன் மேற்கே, ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம், கும்மிடிப்பூண்டி லோக்கல்களுக்கு மூர் மார்க்கெட் வளாகம். 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட் இருந்த இடம் அதுதான். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க் ஸ்டேஷன். கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு வண்டிகள் அங்கேதான் நிற்கும். அதன் பக்கத்தில் ஜி.எச்.சை (அரசுப் பொது மருத்துவமனை) ஒட்டி பார்க் டவுன், வேளச்சேரி பறக்கும் ரயிலுக்கு. இத்தனைக்கும் அடியில் மெட்ரோ. ஈ.வெ.ரா. பெரியார் சாலை நடுவில் ஓடுவதால், மாறுவது என்றாலே அந்தச் சாலையைத் தாண்டுவதுதான்.

டிக்கெட்டிலிருந்து ஆரம்பிப்போம். ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கு ஒன்று, பார்க்கிலிருந்து தாம்பரத்துக்கு ஒன்று என்று இரண்டு எடுக்கத் தேவையில்லை. ஆவடி–தாம்பரம் என்று ஒரே டிக்கெட் கிடைக்கும். பார்க் கவுன்டர் வரிசையும் மிச்சம். ரயில்வே செயலியில் எடுப்பவர்கள் ஸ்டேஷனுக்கு வெளியிலேயே எடுத்துவிட வேண்டும். தண்டவாளத்துக்கு அருகிலோ ஓடும் வண்டியிலோ இருந்தால் ஜி.பி.எஸ். பார்த்து மறுத்துவிடும். டிக்கெட் பரிசோதகரைப் பார்த்த பிறகு டிக்கெட் எடுப்பவர்களைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. உள்ளே வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது என்றால், சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்து எடுக்கலாம். ஸ்கிரீன்ஷாட் செல்லாது, செயலிக்குள் இருக்கும் டிக்கெட்டைத்தான் காட்ட வேண்டும். டிக்கெட் இல்லாமல் மாட்டினால் கட்டணம் போக அபராதம் குறைந்தது 250 ரூபாய்.

மூர் மார்க்கெட்டில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. வெளியே போகும் வழி அந்த முட்டுப் பக்கம். ஆகவே ஆவடியில் முன் பெட்டிகளில் ஏறுங்கள். பன்னிரண்டு பெட்டி வண்டியின் கடைசியில் ஏறியவர் மொத்தக் கூட்டத்துக்கும் பின்னால் நடைமேடை நீளம் நடந்து வர வேண்டியிருக்கும். காலை நெரிசலில் இதற்கே ஐந்து நிமிடம் போய்விடும்.

வெளியே வந்ததும் ரோட்டில் இறங்கிக் குறுக்கே ஓடாதீர்கள். மெட்ரோவின் சுரங்க நடைபாதையில் இறங்குங்கள். மெட்ரோ டிக்கெட் இல்லாமலேயே கேட்டுக்கு வெளியே இருக்கிற பகுதி வழியாக எதிர்ப்பக்கம் போகலாம், எஸ்கலேட்டர் இருக்கிறது. உள்ளே போனதும் பலருக்குத் திசை குழம்பும். பார்க் ஸ்டேஷன் என்று எழுதிய பலகையை மட்டும் பிடித்துக்கொண்டு போக வேண்டும். மக்கள் போகிற பக்கம் போனால் மெட்ரோ கேட்டில் போய் நிற்பீர்கள். ஷட்டர் இறங்கியிருந்தால் பழைய சுரங்கப்பாதைதான் கதி, அதில் படிக்கட்டு. நடைமேடையில் இறங்கியதிலிருந்து பார்க் நடைமேடை வரை பத்து நிமிடம், பெட்டி படுக்கையோடு என்றால் பதினைந்து என்று கணக்கு வையுங்கள்.

பார்க்கில் பலகை தாம்பரம் என்றாலும் செங்கல்பட்டு என்றாலும் ஏறலாம். ஏறியதும் அடுத்த நிலையம் எழும்பூர் என்றால் சரி. கோட்டை வந்தால் எதிர்த்திசையில் போகிறீர்கள், இறங்கி மாறுங்கள்.

முதியவர், கைக்குழந்தை, கனமான மூட்டை இருந்தால் இந்த நடையே வேண்டாம். ஆவடிப் பக்கமிருந்து சில வண்டிகள் மூர் மார்க்கெட் போகாமல் வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியாக நேராகக் கடற்கரைக்குப் போகும். கடற்கரையில் ஸ்டேஷனுக்குள்ளேயே தாம்பரம் வண்டிக்கு மாறிக்கொள்ளலாம். அது அங்கிருந்தே புறப்படுவதால் உட்கார இடமும் கிடைக்கும். மாலையில் பார்க்கில் ஏறுபவருக்கு அந்த யோகம் அரிது. இந்த வண்டிகள் எண்ணிக்கையில் குறைவு. நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும். டிக்கெட்டில் எந்த வழி என்று இருப்பதையும் கவனியுங்கள்.

திரும்பும்போது நடக்கும் தவறு வேறு. மூர் மார்க்கெட்டில் அரக்கோணம் லைன், கும்மிடிப்பூண்டி லைன் இரண்டுக்கும் ஒரே மாதிரி வண்டிகள்தான் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அவசரத்தில் மாறி ஏறிவிட்டால் பேசின் பிரிட்ஜில் இறங்கிவிடுங்கள். அங்கேதான் பாதை பிரிகிறது. அதைத் தாண்டி வியாசர்பாடி ஜீவா வந்தால் ஆவடிப் பக்கம். கொருக்குப்பேட்டை வந்தால் கும்மிடிப்பூண்டி நோக்கிப் போகிறீர்கள். விரைவு லோக்கலில் ஏறினால் உங்கள் நிலையத்தில் நிற்குமா என்று முதலில் கேளுங்கள்.

பஸ்ஸுக்கு மாறுகிறவர்கள் ரோட்டின் எந்தப் பக்கம் நிற்பது என்பதில்தான் நேரத்தை விடுகிறார்கள். சென்ட்ரல் வாசல் பக்கம் பாரிமுனை போகும் பஸ்கள். கீழ்ப்பாக்கம், கோயம்பேடு போகும் 15பி போன்றவை எதிரே ஜி.எச்., பார்க் பக்கம். அதனால் கோயம்பேட்டுக்குப் போகிறவரும் அதே சுரங்கப்பாதையில்தான் தாண்ட வேண்டும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண பஸ்ஸில் டிக்கெட் இலவசம். டீலக்ஸில் ஏறினால் காசு. சிங்காரச் சென்னை அட்டை மெட்ரோவிலும் மாநகரப் பஸ்ஸிலும் செல்லும்.

ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு. பராமரிப்புப் பணி என்று பாதியில் நிறுத்துவதும் பெரும்பாலும் அன்றைக்குத்தான். தாம்பரம் லைன் நின்றுவிட்டால் பார்க்கில் காத்திருக்காமல் கீழே இறங்கி மெட்ரோ நீல வழித்தடத்தில் கிண்டி வரை போய்விடுங்கள். அங்கே பஸ் கிடைக்கும், அதற்குள் லைன் ஓட ஆரம்பித்திருந்தால் ரயிலும் கிடைக்கும்.