ஆர்பி எங்கேயும் போவதில்லை

நீட் வழிகாட்டிகளில் ஒரு வரி வரும்: புற்று அடக்கி மரபணு வேலை செய்தால் செல் பிரியாது, பழுதானால் புற்று. அம்மாபேட்டையில் என் மாடி வகுப்புக்கு வரும் பிள்ளைகள் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள். எனக்கு இந்த வரி போதாது. அந்த மரபணுக்கள் நன்றாக இருக்கும்போதே நம் உடம்பில் தினமும் கோடிக்கணக்கான செல்கள் பிரிகின்றனவே?

புற்று அடக்கி மரபணுக்களில் ஒன்றான ஆர்பியைப் பாருங்கள். குழந்தைகளின் விழித்திரைப் புற்றைத் தேடிப்போய் 1986-ல் பிரித்தெடுத்த மரபணு, 13ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதன் புரதம் செல் பிரியும் சுழற்சி முழுக்கச் செல்லுக்குள்தான் கிடக்கும். டிஎன்ஏ இரட்டிப்பாவதற்கு முந்தைய ஜி1 கட்டத்தில் இ2எஃப் என்ற இன்னொரு புரதத்தை இறுகப் பிடித்திருக்கும். வளரச் சொல்லிச் சமிக்ஞை வந்தால் சைக்ளின் டி என்ற புரதம் பெருகும். அதோடு சேர்ந்த சிடிகே4, சிடிகே6 நொதிகள் ஆர்பி மேல் பாஸ்பேட்டை ஒட்டும், அப்புறம் சிடிகே2 இன்னும் ஒட்டும். பிடி தளர்ந்துவிடும். விடுபட்ட இ2எஃப், டிஎன்ஏவை இரட்டிப்பாக்கத் தேவையான மரபணுக்களை இயக்கும். செல் பிரியும் கட்டம் முடிகையில் பாஸ்பேட்டுகள் கழற்றப்பட, ஆர்பி பழையபடி பிடித்துக்கொள்ளும். மரபணுவை யாரும் அணைக்கவே இல்லை.

இன்னொரு புற்று அடக்கியான பி53 நேர்மாறு. செல் அந்தப் புரதத்தை ஓயாமல் செய்கிறது, எம்டிஎம்2 என்ற புரதம் அதை ஓயாமல் அழிவுக்கு அனுப்புகிறது.

"அழிக்கிறதுக்கு எதுக்கு மிஸ் செய்யணும்?" என்றாள் ஒரு மாணவி. எவ்வளவு நல்ல கேள்வி! டிஎன்ஏ அறுந்த பிறகு முதலிலிருந்து தயாரிக்க ஆரம்பித்தால் நேரமாகிவிடும். ஏற்கெனவே உற்பத்தி நடப்பதால், அழிப்பதை நிறுத்தினாலே போதும். ஏடிஎம் நொதி அதைத்தான் செய்கிறது. உடனே பி53 குவியும், பி21 புரதத்தை உண்டாக்கும், அது சிடிகே2-வைத் தடுக்கும், செல் பிரியாமல் நிற்கும்.

"தறியில இழை அறுந்தா எங்கப்பாவும் நிறுத்திட்டு, முடிச்சுப் போட்டுட்டுத்தான் மிஸ் நெய்வாரு" என்றாள். அதேதான் அம்மா.

கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் எச்பிவி வைரஸ் இந்த இரண்டு இடத்திலும் கை வைக்கிறது. அதன் இ7 புரதம் ஆர்பியைப் பிடித்து இ2எஃப்பை விடுவித்துவிடும், இ6 புரதம் பி53-ஐ அழிக்க வைக்கும். மரபணு இரண்டும் பழுதில்லாமலே இருக்கும், காவல் மட்டும் போய்விடும். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, தொற்று வருவதற்கு முன்பே போட வேண்டும். பெண் பிள்ளைகளின் அம்மாக்களை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.