கடல் கயாக்கில் தூண்டில்: பூட்டியதும் கழற்றியதும்

பன்னிரண்டு அடி நீளமுள்ள கயாக் (ஒருவர் துடுப்புப் போட்டுப் போகும் சிறுபடகு) ஒன்றை எதுவும் பூட்டாத வெறும் ஓடாக வாங்கி, உப்புத் தண்ணீரில் தூண்டில் போடத் தோதாகப் பூட்டிய வேலையின் குறிப்பு இது. இடம் சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய உப்பங்கழிகளும், அவற்றின் முகத்துவாரத்துக்கு வெளியே கரையோரக் கடலும். வேலை மூன்று சுற்றாக நடந்தது. ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒரே சோதனைதான்: நெஞ்சளவு தண்ணீரில் கயாக்கை வேண்டுமென்றே கவிழ்த்து, நிமிர்த்தி, மறுபடி ஏறிப் பார்ப்பது. அதில் தேறாத பொருள் கடலுக்குப் போகக் கூடாது.

ஓடு

உள்ளே நுழைந்து உட்காரும் வகைக் கயாக் புதியவருக்குக் கடலில் வேண்டாம். கவிழ்ந்தால் குழியில் தண்ணீர் நிறைந்துவிடும், தனியாளாக இறைத்து மீள்வது கடினம். மேலே உட்காரும் வகையில் தளத்தில் விழும் தண்ணீர் ஸ்கப்பர் ஓட்டைகள் வழியே தானாக வடியும். நீளம் 11 முதல் 13 அடி, அகலம் 30 முதல் 33 இஞ்ச் போதும். 36 இஞ்ச் அகலத்தில் எழுந்து நின்று தூண்டில் வீசலாம் என்பது உண்மைதான். ஆனால் எதிர்காற்றில் துடுப்புப் போட்டுக் கரை சேரும்போது அந்த அகலம் கையை உடைக்கும். பத்தடிக்குக் குறைந்த கயாக் நேர்கோட்டில் போகாது, ஒவ்வொரு துடுப்புக்கும் மூக்கை ஆட்டும்.

தாங்கும் எடை என்று தயாரிப்பாளர் போட்டிருக்கும் எண்ணில் எழுபது சதவீதத்தையே கணக்கில் வைக்க வேண்டும். 160 கிலோ என்றால் 112 கிலோ. ஆள் 75, சாமான் 15, தண்ணீரும் ஐஸும் 7, பிடிக்கப் போகும் மீன் 5 என்று கூட்டினால் 102 வந்துவிடுகிறது. அதற்கு மேல் ஏற்றினால் ஸ்கப்பர் வழியாகத் தண்ணீர் கீழிருந்து மேலே வந்து இருக்கையை நனைக்கும். எடை கூடிப்போனதற்கு முதல் அடையாளமே அதுதான்.

ஓட்டின் எடையையும் பாருங்கள். 30 கிலோவுக்குள் இருந்தால் ஒரு தள்ளுவண்டியோடு மணலில் ஒருவரே இழுக்கலாம். சின்னச் சக்கரம் மணலில் புதையும், காற்று குறைவாக அடித்த பலூன் சக்கரம்தான் உருளும்.

உடம்பில் இருக்க வேண்டியவை

பணம் குறைவாக இருந்தால் ராடில் (தூண்டில் கம்பில்) குறையுங்கள், லைஃப் ஜாக்கெட்டில் குறைக்காதீர்கள். காற்றடைத்து உப்பும் வகை வேண்டாம், நுரை வைத்தது வேண்டும். தூண்டில் முள்ளும் மீனின் துடுப்பு முள்ளும் குத்தும் வேலை இது. முதுகுப்பக்க நுரை மேலே தூக்கி வைத்த மாதிரியாக இருந்தால் கயாக்கின் இருக்கையில் இடிக்காது. போட்டபின் இரண்டு தோள்பட்டியையும் ஒருவர் பிடித்து மேலே தூக்கட்டும். காது வரை ஏறினால் அளவு பெரிது.

விசில், மழுங்கிய நுனியுள்ள கத்தி, தண்ணீர் புகாத உறையில் போன் மூன்றும் ஜாக்கெட்டில்தான் இருக்க வேண்டும். கயாக்கின் பெட்டியில் வைத்த போன், கயாக் கையை விட்டு நழுவியதும் பயனில்லாமல் போகிறது. கடலோரக் காவல்படையின் 1554 அதில் பதிந்திருக்கட்டும்.

துடுப்பு: 32 இஞ்ச் அகலத்துக்கு 240 செ.மீ. நீளம் சரியாக வந்தது. 220 வைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு வீச்சிலும் ஓட்டின் விளிம்பில் விரல் உரசியது.

முதல் சுற்று: அளவுக்கு மீறிப் பூட்டியது

இருக்கைக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு ராட் தாங்கிகள், மீன் தேடும் கருவி, பின்புறம் ஒரு கூடை, பக்கவாட்டில் நங்கூரம் கட்ட ஒரு கிளீட் (கயிறு மாட்டும் கட்டை). ராடுக்குப் பதிலாக ஏழடி பிவிசி குழாய்களைச் செருகித்தான் கவிழ்த்துப் பார்த்தது. நிஜ ராடை வைத்து இதைச் செய்யாதீர்கள், நுனி தரையில் குத்தி உடையும்.

கவிழ்ந்ததும் தெரிந்தவை: செங்குத்தாக நின்ற குழாய்கள் மணலில் ஊன்றிக்கொண்டு கயாக்கை நிமிர விடவில்லை. ராட் தொலையாமல் இருக்க ஓட்டோடு இணைத்து, இரண்டு மீட்டர் நீளத்தில் விட்டிருந்த ராட் கயிறுகள் காலைச் சுற்றின. கூடையை ஒரே ஒரு பஞ்சி கயிறு (இழுபடும் ரப்பர் கயிறு) பிடித்திருந்ததால் அது கழன்று மிதந்து போனது. மறுபடி ஏறும் இடத்தில், அதாவது இருக்கைக்குப் பக்கத்து விளிம்பில், தாங்கியின் முனை விலா எலும்பில் இடித்தது.

ஏறும் முறை இது. கவிழ்ந்த ஓட்டின் அடிப்பக்கத்தைத் தாண்டி எதிர்ப்பக்கக் கைப்பிடியைப் பிடித்து, முழங்காலை இந்தப் பக்க விளிம்பில் ஊன்றி உடம்பைப் பின்னால் சாய்த்து இழுக்க வேண்டும். கை எட்டாதவர்கள் இரண்டு மீட்டர் பட்டை ஒன்றைக் கைப்பிடியில் கட்டி வைக்கலாம். நிமிர்ந்ததும் குப்புற நீந்தும் நிலைக்கு வந்து, காலைத் தண்ணீர் மட்டத்துக்கு உதைத்துக் கொண்டுவந்து, தொப்புள் கயாக்கின் நடுவுக்கு வரும்வரை நெஞ்சால் வழுக்கி ஏறி, பிறகு புரண்டு உட்கார வேண்டும். பலரும் செய்யும் பிழை, செங்குத்தாகத் தொங்கிக்கொண்டு விளிம்பைக் கீழே அழுத்துவது. அப்போது கால்கள் ஓட்டுக்கு அடியில் போகும், கயாக் நம் மேலேயே கவிழும். கழியில் தொடர்ந்து பத்து முறை ஏற முடியாதவர் கடலுக்குப் போகத் தயாரில்லை என்றே கொள்ள வேண்டும்.

இரண்டாம் சுற்று: கழற்றியதும் இடம் மாற்றியதும்

முன் தாங்கிகளில் ஒன்று போதும். இடம் தேடும் வழி எளிது. உட்கார்ந்து துடுப்புப் போட்டு, முட்டி எந்த இடம்வரை வருகிறது என்று ஓட்டில் டேப் ஒட்டி, அதற்கு முன்னால் ஒரு சாண் தள்ளிப் பூட்ட வேண்டும். பின் தாங்கிகள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கட்டும். செங்குத்தாக நின்றால் வீசும்போது ராட் இடிக்கும். ராட் கயிறு ஒரு மீட்டருக்கு மேல் வேண்டாம், டெலிபோன் ஒயர் மாதிரி சுருளும் வகை நல்லது. கூடைக்கு நான்கு மூலையிலும் பட்டை.

அலை உடையும் இடத்தில் விதி வேறு. அங்கே எந்தக் கயிறும் ஆளையும் கயாக்கையும் இணைக்கக் கூடாது. ராட் இரண்டும் படுக்கவைத்துக் கட்டப்பட்டோ உள்ளறைக்குள்ளோ இருக்க வேண்டும். வெளியே போய் அமைதியான தண்ணீர் வந்த பிறகே நிமிர்த்துவது.

ஓட்டில் ஓட்டை போடுவதில்தான் புதியவர்கள் அதிகம் கெடுக்கிறார்கள். ஓடு பாலிஎத்திலீன். அதில் சிலிக்கான் ஒட்டாது, காய்ந்தபின் தோல் மாதிரி உரிந்து வரும். அதனால் பசையை நம்பாமல் அழுத்தத்தை நம்ப வேண்டும். கை உள்ளே எட்டும் இடமென்றால் ஸ்க்ரூ, பெரிய வாஷர், பின்னால் ஒரு துண்டு பிளாஸ்டிக் பலகை, நைலான் பூட்டு நட்டு. எட்டாத இடத்தில் ரப்பர் வெல்நட், அதாவது ஸ்க்ரூ இறுகும்போது உள்ளே உப்பிப் பிடித்துக்கொள்ளும் ரப்பர் நட்டு. வெல்நட்டின் உடல் விட்டத்தை வெர்னியரில் அளந்து அதே அளவு பிட் போட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பெரிதானால் ரப்பர் சுழலும், ஸ்க்ரூ இறுகாது. டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள், வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகி ஓட்டை கோணலாகும். ஸ்க்ரூவைச் சுற்றி பியூட்டைல் டேப் ஒரு சுற்று. அது காய்வதில்லை, அழுத்தத்தில் பிதுங்கி இடைவெளியை அடைக்கும்.

ஸ்க்ரூக்கள் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடையில் ஸ்டெயின்லெஸ் என்று கேட்டால் பெரும்பாலும் 304 கிடைக்கும், உப்பில் அது பழுப்புப் புள்ளி போடும். சாமான் மாட்டும் அலுமினியத் தண்டவாளத்தில் ஸ்டீல் ஸ்க்ரூ போட்டால் உப்புத் தண்ணீர் நடுவில் நின்று அலுமினியத்தை அரிக்கும், வெள்ளைப் பொடி பூத்து ஸ்க்ரூ கழற்ற முடியாமல் பிடித்துக்கொள்ளும். பூட்டும்போதே மரையில் மெரைன் கிரீஸ் தடவியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

மீன் தேடும் கருவியை இந்தச் சுற்றில் கழற்றினோம். கெட்ட பொருள் அல்ல. பேட்டரி, ஒயர், ஃபியூஸ், அடியில் சென்சார் என்று நான்கு புது ஓட்டைகளையும் கவனச் சிதறலையும் கொண்டுவருகிறது. இரண்டு மீட்டருக்குள் ஆழமுள்ள கழியில் துடுப்பை ஊன்றியே தரையைப் படிக்கலாம்.

நங்கூரம்

பக்கவாட்டில் கட்டிய கிளீட்தான் முதல் சுற்றின் மோசமான தவறு. நடுப்பக்கத்தில் நங்கூரம் மாட்டினால் நீரோட்டம் கயாக்கை அகலவாக்கில் பிடித்து, விளிம்பைக் கீழே இழுத்துக் கவிழ்த்துவிடும். மூக்கிலோ வாலிலோதான் இழுவை விழ வேண்டும். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து அங்கே கை எட்டாது. அதற்காகவே ஓடுகயிறு.

மூக்கருகில் ஒரு கப்பி, வாலருகில் ஒரு கப்பி, நடுவில் 316 வளையம் ஒன்று. 5 மி.மீ. கயிறு 8 மீட்டர் வாங்கினால் பன்னிரண்டடிக் கயாக்குக்கு மிச்சம் வரும். ஒரு கப்பியை ஒரு சாண் பஞ்சி கயிற்றில் கட்டினால் ஓடுகயிறு எப்போதும் விறைப்பாக இருக்கும். நங்கூரக் கயிறு வளையத்தின் வழியே வந்து கைக்கெட்டும் கிளீட்டில் மாட்டும். பிறகு ஓடுகயிற்றை இழுத்து வளையத்தை வாலுக்கு அனுப்பலாம்.

மடக்கு நங்கூரம் 1.5 கிலோ, அதோடு ஒரு மீட்டர் சங்கிலி. நம் கரையில் பெரும்பாலும் மணல்தான், சங்கிலி இல்லாமல் நங்கூரம் படுக்காமல் உழுதுகொண்டே வரும். கயிறு ஆழத்தைப் போல ஐந்து மடங்கு விட வேண்டும். சங்கிலியை நங்கூரத்தின் அடிப்பக்கத்தில் கட்டி, மேல்வளையத்தில் ஒரே ஒரு மெல்லிய கேபிள் டை போடுங்கள். பாறையில் சிக்கினால் வெட்டி இழுக்கும் வேகத்தில் டை அறுந்து, நங்கூரம் தலைகீழாக வெளியே வரும். கயிற்றின் மறுமுனையில் மிதவை கட்டியிருந்தால், அவசரத்தில் அப்படியே கழற்றிவிட்டு ஓடிவிடலாம், பிறகு வந்து எடுக்கலாம்.

முகத்துவாரத்தில் தண்ணீர் வற்றி வெளியேறும் நேரத்தில் நங்கூரம் போடவே கூடாது. அந்த ஓட்டம் எதிரே வரும் அலையோடு மோதுகிற இடம் அது.

ராடும் தங்கூசியும்

இரண்டு ராட் போதும். இரண்டும் 6 அடி 8 இஞ்ச், 10 முதல் 35 கிராம் வரை வீசக்கூடியவை. மீன் கயாக்கின் மூக்கைச் சுற்றி எதிர்ப்பக்கம் ஓடும்போது ராட் நுனி மூக்கைத் தாண்ட வேண்டும். ஆறடிக்குக் குறைந்தால் இழை ஓட்டில் உரசி அறும். கைப்பிடியின் அடிப்பகுதி குட்டையாக இருப்பது முக்கியம், நீளமாக இருந்தால் உட்கார்ந்த நிலையில் ஜாக்கெட்டில் மாட்டும்.

ரீல் 4000 அளவு. முதலில் பத்துச் சுற்றுத் தங்கூசி (நைலான் இழை), அதன்மேல் 20 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு (பின்னிய இழை). தங்கூசி இல்லாமல் நேரடியாகப் பிரெய்டு சுற்றினால் மொத்தச் சுருளும் உருளையில் வழுக்கிச் சுழலும், டிராக் (மீன் இழுக்கும்போது இழையை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக்) கெட்டுவிட்டது போலத் தோன்றும். லீடர் (முள்ளுக்கு முன்னால் வரும் தடித்த இழை) 40 பவுண்டு, ஒன்றரை மீட்டர். இணைக்க எஃப்ஜி முடிச்சு, பக்கத்துக்குப் பத்தாக இருபது சுற்று. சுற்றும்போது லீடர் விறைப்பாக இல்லையென்றால் முடிச்சு மொத்தமாக உருவிக்கொண்டு வரும். இதைக் கரையிலேயே கட்டிவையுங்கள். ஆடும் கயாக்கில் கட்ட வேண்டி வந்தால் இரட்டை யூனி போதும், பிரெய்டுக்கு எட்டுச் சுற்று, லீடருக்கு ஐந்து.

இழை நுனியைத் தராசு கொக்கியில் மாட்டி அளந்து டிராக்கை 2 கிலோவில் வைத்தது. 20 பவுண்டு என்பது ஏறக்குறைய 9 கிலோ, அதில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. இன்னும் இறுக்கத் தேவையில்லை. பெரிய மீன் கயாக்கையே இழுத்துக்கொண்டு போகும், அந்த இழுவையே பாதி டிராக். இறுக்கி வைத்து மீன் பக்கவாட்டில் பாய்ந்தால் கவிழ்வது ஆள்தான்.

கழியில் கொடுவாவுக்கும் பாறை மீனுக்கும் 10 கிராம் ஜிக்ஹெட்டில் (எடைத் தலை வைத்த முள்ளில்) நான்கு இஞ்ச் ரப்பர் மீன். வெளியே ஊழி மீனும் வஞ்சிரமும் லீடரைப் பல்லால் நறுக்கும், அங்கே 15 செ.மீ. கம்பி லீடர். மூன்று முனை முள் எல்லாவற்றையும் கழற்றி ஒற்றை முள்ளாக மாற்றி, முள்ளின் எதிர்க்கொக்கியை பிளையரால் நசுக்கிவிட வேண்டும். மடியில் துள்ளும் மீனும் தொடையும் ஒரே முள்ளில் மாட்டினால் கடலில் உதவிக்கு ஆள் இல்லை. கடல் கெளுத்தியை மடிக்கே கொண்டுவராதீர்கள், அதன் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு. கயாக்கின் பக்கத்திலேயே பிளையரால் தூண்டில் முள்ளைத் திருப்பி விட்டுவிடலாம்.

மூன்றாம் சுற்று: காற்று

பூட்டு வேலை சரியாக இருந்தாலும் நாளைத் தவறாகத் தேர்ந்தால் எல்லாம் வீண். ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் மேற்கிலிருந்து கரைக்காற்று கடலை நோக்கி வீசும். கரையோரம் தண்ணீர் தட்டையாக, அழகாக இருக்கும். ஏமாற்றும் காட்சி அது. கரையின் மறைப்பை விட்டு அரைக் கிலோமீட்டர் போனதும் காற்று முதுகைத் தள்ளும், திரும்பி வரும்போது முகத்தில் அறையும். புதியவர் துடுப்புப் போடும் வேகம் மணிக்கு நான்கு ஐந்து கிலோமீட்டர், அதில் பாதிக்கும் மேல் காற்றே தின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றும் புயல் சின்னங்களும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை விடியற்காலைதான் கற்றுக்கொள்ளும் பருவம், கொண்டல் (கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று) ஏறுமுன் திரும்பிவிடலாம். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை, காற்று முன்னறிவிப்பை முந்தின இரவே பாருங்கள். மணிக்குப் பத்துக் கடல் மைல் (பத்து ‘நாட்’) வேகத்துக்கு மேல் காற்று என்றால் கழியோடு நிறுத்திக்கொள்வது.

முட்டுக்காடு போன்ற முகத்துவாரங்களைக் கோடையில் மணல்திட்டு அடைத்துக்கொள்ளும், வழி மாதத்துக்கு மாதம் மாறும். போன தடவை போன வழி இருக்கிறது என்று எண்ணிப் போகாமல் குப்பத்து மீனவரிடம் கேளுங்கள். வலை எங்கே விட்டிருக்கிறது என்பதையும் அப்போதே கேட்டுக்கொண்டால், அவர்கள் பிழைப்பில் நம் தூண்டில் போய்ச் சிக்காது. ஃபைபர் படகில் வருபவருக்குத் தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்திருக்கும் கயாக் தெரியவே தெரியாது. ஒன்றரை மீட்டர் கம்பில் ஆரஞ்சுக் கொடி வாலில் நிற்கட்டும்.

கரைக்கு வந்தபின்

ரீலின் டிராக்கை முழுதும் இறுக்கி, மெல்லிய தூறலாக நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போகும். உலர்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வைக்காவிட்டால் உள்ளிருக்கும் வாஷர்கள் நசுங்கி ஒட்டும்.

பிறகு வடிகால் மூடியைக் கழற்றி, ஓட்டுக்குள் சேர்ந்த தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். கால் லிட்டருக்குள் என்றால் அறை மூடி வழியாக வந்ததாக இருக்கும். ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போனால் ஏதோ ஒரு ஸ்க்ரூ கசிகிறது. வடிகால் ஓட்டையில் வீட்டு புளோயரின் குழாயை வைத்து மெதுவாகக் காற்று விட்டு, ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் சோப்புத் தண்ணீரைத் தடவினால் கசியும் இடத்தில் நுரை கொப்பளிக்கும். அந்த ஒன்றை மட்டும் கழற்றி, பழைய பியூட்டைலைச் சுரண்டி எடுத்து, புதிதாகச் சுற்றிப் பூட்டுங்கள்.