நியமகிரியின் 12 கிராம சபைகளும் ஒரு சந்தேகமும்

ஒடிசாவின் நியமகிரி மலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட்டை வெட்டுவது அங்கு வாழும் டோங்ரியா கோந்த் பழங்குடி மக்களின் வழிபாட்டு உரிமையைப் பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளின் முன் வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் உத்தரவிட்டது. மாநில அரசே தேர்ந்தெடுத்த 12 ஊர்களில் (மலையைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருந்தும்), நீதித்துறைப் பார்வையாளர்கள் அமர்ந்திருக்க, கூட்டங்கள் நடந்தன. பன்னிரண்டும் சுரங்கம் வேண்டாம் என்றே தீர்மானித்தன. மறு வாய்ப்புக் கேட்டு மாநிலச் சுரங்கக் கழகம் போட்ட மனுவை 2016 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

பிறகுதான், சுரங்கத்தை எதிர்த்துப் போராடிய உள்ளூர் அமைப்பான நியமகிரி சுரக்ஷா சமிதியின் செயல்பாடுகளை மாவோயிஸ்டுகள் வழிநடத்துவதாக உள்துறை அமைச்சகத்தின் 2016-17 ஆண்டறிக்கை குறிப்பிட்டது. ஊரார் எடுத்த முடிவு வெளியாட்கள் தூண்டியதுதானோ என்ற சந்தேகத்துக்கு இது இடம் தருகிறது. அந்த மலைப்பகுதியில் மாவோயிஸ்டுகளின் நடமாட்டம் இருந்தது உண்மை. ஆகவே அரசு கண்காணிப்பதையே குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தனிநபர் மீதான குற்றச்சாட்டை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். ஓர் அமைப்பின் மீது ஆண்டறிக்கையில் எழுதப்படும் ஓரிரு வரிகளுக்கோ மறுவிசாரணையும் இல்லை, மறுமொழிக்கு இடமும் இல்லை. வெளியிலிருந்து வந்த செயற்பாட்டாளர்கள் காடுவாழ் மக்களின் உரிமைகளை ஏற்கும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தை விளக்கிச் சொன்னார்கள் என்பதற்காக ஊரார் எடுத்த முடிவு ஊராருடையது அல்ல என்றாகிவிடுமானால், வேலையும் சாலையும் தருவதாகச் சொல்லி அதே ஊர்களுக்குள் வந்த, அந்த பாக்சைட்டை எதிர்பார்த்திருந்த வேதாந்தா நிறுவனத்தின் செல்வாக்கை எந்தக் கணக்கில் எழுதுவது?